நன்றி சொல்லி மூடினேன்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ஆறுமுகசாமி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது.

"வலி எப்ப வருது, மரப்பு எப்ப வருது, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க, தெனமும் நாலு வரி எழுதிட்டு வாங்க தம்பி."

"எக்செல்ல போட்டுத் தர்றேன் டாக்டர்."

"கையால எழுதுங்க. எழுத்து எப்படிக் கோணுதுன்னும் நான் பாக்கணும்."

சரி. பெயர் பூபதி. வயது முப்பது. ஊர் கோயம்புத்தூர், சரவணம்பட்டி. வலது மணிக்கட்டில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி, அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் டவுன் பஸ் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துப் போகின்றனவாம். நாண்கள் வீங்கினால் நரம்பு நசுங்கும். ஊசி குத்தி, ஷாக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். தோலைக் கீறி அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் ஆறு வாரம் கீபோர்டைத் தொடக்கூடாது.

"ஆறு வாரமெல்லாம் முடியாது டாக்டர்."

"கை வேணுங்களா, வேண்டாங்களா?"

24ஆம் தேதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 20ஆம் தேதி எனக்கு ஒரு ரிலீஸ் இருக்கிறது, நான் எழுதும் மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியே விட வேண்டும். முடித்துவிட்டு வரலாம்.

வலி: இல்லை.

ஜூன் 4, புதன்

வலி: இல்லை. காலையில் எழுந்தபோது மூன்று விரல் மரத்திருந்தன. உதறினால் போய்விடுகிறது.

ஜூன் 7, சனி

டம்ளர் விழுந்து உடைந்தது. ஈரமாக இருந்தது, வழுக்கியது, அவ்வளவுதான். என் மனைவி சுகந்தி கூட்டி அள்ளினாள். மதியம் எனக்குத் தண்ணீர் எவர்சில்வரில் வந்தது, அவளுக்குக் கண்ணாடியில்.

டாக்டர், உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இது. ஆபீஸ் வேலை ஒரு பொருட்டே இல்லை. மெடிக்கல் லீவு கொடுத்துவிடுவார்கள். லீவு கொடுக்காதது 'பத்தி'. நான் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற செயலிகள் எடுத்தாளும் நிரல்தொகுப்பு. போனில் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள், எழுத்து தெரிகிறது. அந்த எழுத்தை எங்கே, எந்த அகலத்தில் வரைய வேண்டும், வரியை எங்கே உடைக்க வேண்டும், கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுத் தருவது பத்தி. கல்லூரிக் கடைசி வருடத்தில் ஆரம்பித்தேன். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் செயலிக்குள் செருகிக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். மருந்துக் கடை, பஸ் டிக்கெட், பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. போய் உட்கார்ந்த எல்லோரும் ஏதாவது உடைந்தால் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

இன்று போலந்திலிருந்து யாட்செக் என்பவர் ஒரு பேட்ச் அனுப்பியிருந்தார். பேட்ச் என்றால் வெளியாள், 'இந்த இடத்தை இப்படி மாற்றினால் சரியாகும்' என்று எழுதி அனுப்பும் திருத்தம். சின்னது. விஷயம் சரி, எழுதிய விதம் சரியில்லை. அதைப் படித்து, தப்பைச் சொல்லி, அவர் திருத்தி, நான் மறுபடி படித்து, அவர் மறுபடி கேட்டு... அதற்குள் நானே எழுதிவிடலாம். எழுதிவிட்டேன். 'வேறு விதமாகச் செய்துவிட்டேன், நன்றி' என்று சொல்லி அவருடையதை ஏற்காமல் மூடினேன்.

வலி: இல்லை.

ஜூன் 12, வியாழன்

சுகந்தி இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஆறு வாரம் அதை யாருங்க பாத்துக்குவாங்க?"

"யாரும் இல்ல."

"ஒருத்தர்கூடவா? உலகம் பூராம் யூஸ் பண்றாங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடி பெருமையாச் சொன்னீங்களே."

"யூஸ் பண்றதுக்குத்தான் உலகம். வேலை செய்யறதுக்கு நான்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டதில்லை. கேட்டேன். 'மருத்துவ விடுப்பில் போகிறேன், பொறுப்பை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும்' என்று பத்தியின் முகப்பில் போட்டேன். நிறைய இதயம் வந்தது. கட்டைவிரல் வந்தது. 'சீக்கிரம் குணமாகுங்கள், அப்படியே இந்தப் பிழையையும் பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்' என்று ஒருவர். ஆள் வரவில்லை. எட்டு வருடமாக ஓடும் ஒரு லைப்ரரிக்கு ஒரு ஆள் நிலைக்கவில்லை என்றால் ஜனங்களைப் பற்றி என்ன சொல்வது? சோம்பேறிகள்.

ஜூன் 16, திங்கள்

சட்டைப் பொத்தானைச் சுகந்தி போட்டுவிட்டாள். புதுச் சட்டை, ஓட்டை இறுக்கம்.

ஜூன் 21, சனி

ரிலீஸ் நேற்றே போய்விட்டது. நிம்மதியாக இட்லி சாப்பிட உட்கார்ந்தால் போன் ஆட ஆரம்பித்தது.

போன்களுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களின் போனில், பத்தி வரைந்து தரும் எந்தப் பெட்டியிலும் கடைசி வரி வெட்டுப்படுகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அளந்தால் மெதுவாகும் என்று, ஒருமுறை அளந்த உயரத்தை ஞாபகத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன். பத்தி வேகமாக ஓடுவதே அதனால்தான். புது அப்டேட், பெரிய எழுத்தை வேறு கணக்கில் பெரிதாக்குகிறது. என் ஞாபகத்தில் இருக்கும் உயரம் அதற்குக் குட்டை. கடைசி வரிக்கு இடமில்லை.

படமெடுத்து அனுப்புகிறார்கள். ஒரு பஸ் டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஏறும் இடம் இல்லை. 'எங்கள் பயணிகள் தப்பான ஸ்டாப்பில் நிற்கிறார்கள்' என்று கீழே. எழுத்தைப் பெரிதாக வைப்பது யார்? கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள்தான்.

டாக்டருக்கு போன் செய்து 24 வேண்டாம் என்றேன். சுகந்தி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிலீஸ் முடிஞ்சா போறேன்னீங்க."

"இது வேற பிரச்சினை."

"அடுத்த மாசம் இன்னொரு வேற பிரச்சினை வருமுங்க."

"வந்தா என்ன பண்ணச் சொல்ற? நடுத்தெருவுல விட்டுட்டு வரச் சொல்றியா?"

"உங்க கையை விட்டுட்டு நிக்கறீங்களே, அது எந்தத் தெரு?"

இட்லி ஆறிவிட்டது. ஸ்பூனில் சாப்பிட்டேன். இடது கையால்.

ஜூன் 24, செவ்வாய்

மழை. வேலை நகரவில்லை. வலி: இல்லை.

ஜூன் 28, சனி

ஒரு மணி நேரம் தட்டினால் கை என்னுடையதாக இல்லை. விசை அமுங்கியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை, திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சுகந்தியைத் தட்டச் சொன்னேன். அவள் ஆபீஸில் நாள் முழுக்கத் தட்டுகிறவள், வேகம் அதிகம்.

"அடைப்புக்குறி போடு."

"எந்த அடைப்பு?"

"சுருள் அடைப்பு. நடுவுல மூக்கு வச்ச மாதிரி இருக்குமே, அது."

"மீசைன்னு சொல்லுங்க. மீசைதானே அது."

"சரி, மீசை. மீசையத் திற. அடுத்த வரி. நாலு ஸ்பேஸ்."

"திறந்தாச்சு. எப்பங்க மூடறது?"

"சொல்றேன். அவசரப்படாத."

"எம்.ஏ. எகனாமிக்ஸ் படிச்சுப்போட்டு மீசை வரைஞ்சிட்டிருக்கறேன். எங்கப்பாகிட்டச் சொன்னா அழுவாரு."

சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து. ஆனால் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி மண்டையிலிருந்து போய்விடுகிறது. நான் வாயால் யோசிப்பவன் இல்லை, விரலால் யோசிப்பவன். அரை நாளில் அரைப் பக்கம்.

ஜூலை 2, புதன்

ஆள் தேடினேன். முன்பு பேட்ச் அனுப்பியவர்களில் உருப்படியாக எழுதத் தெரிந்தவர் யார் என்று யோசித்தால் ஒரு பெயர்தான் நின்றது. ஷமீமா. திருநெல்வேலி, மேலப்பாளையம். அந்தப் பஸ் டிக்கெட் செயலி அவள் கம்பெனியுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று பேட்ச் அனுப்பினாள், பிறகு ஆளைக் காணோம். நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"பத்தி பூபதியா? நெசமாவா பேசுதீங்க?"

"ஆமா. கடைசி வரி பிரச்சினை தெரியும்ல. அதுக்கு ஆள் வேணும். என் கை சரியில்ல."

"முகப்புல பாத்தேன். ஒடம்ப பாத்துக்கிடுங்க. கடைசி வரிய நாங்க போன வாரமே சரி பண்ணிட்டோமே."

"எங்க? எனக்கு வரலையே."

"ஒங்களுக்கு அனுப்பல. பத்தியக் காப்பி எடுத்துத் தனியா வச்சிருக்கோம், அதுல பண்ணிக்கிட்டோம்."

"ஏன் அனுப்பல? மத்தவங்க எல்லாரும் அவதிப்படறாங்க."



"சார், மூணு பேட்ச் அனுப்புனேன். மூணையும் நன்றின்னு சொல்லி மூடிட்டீங்க. மறுநாள் பாத்தா மூணும் உள்ள இருக்கு. ஒங்க எழுத்துல, ஒங்க பேர்ல. நாலாவது அனுப்புறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு விளக்கிட்டிருக்கறத விட நானே எழுதறது சீக்கிரம்."

"சீக்கிரந்தான். அதான் இப்ப ஆளு தேடுதீங்க."

வைத்துவிட்டாள். மரியாதை தெரியாத பெண். நான் யார் பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியது நான், என் பெயர் இருந்தது.

ஜூலை 5, சனி

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "வலி இல்ல, வலி இல்ல, வலி இல்ல" என்று வாய்விட்டுப் படித்தார். மற்ற வரிகளையும் படித்தார்.

"இட்லிய எதுக்குங்க இடது கைல சாப்பிட்டீங்க?"



கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி மறுமுனையை இழுத்தார். இழுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தானாகவே வந்துவிட்டது. பிறகு இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இடது கட்டைவிரலின் அடியில் சதை உப்பலாக இருக்கிறது. வலதில் அந்த இடம் அமுங்கிக் கிடக்கிறது. நான் இதுவரை பார்த்ததில்லை. சுகந்தி பார்த்திருக்கிறாள் போல, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுக்கு மேல தள்ளினாலும் நான் ஆபரேஷன் பண்ணுவேன் தம்பி. ஆனா பலம் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. இப்பவே முழுசாத் திரும்புமான்னு தெரியல."

ஜூலை 15 என்று புதுத் தேதி எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 8, செவ்வாய்

ஷமீமாவைக் கூப்பிட்டேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது. "அந்தத் திருத்தத்தை அனுப்புங்க, 15ஆம் தேதி எனக்கு ஆபரேஷன்" என்றேன்.

"அனுப்புதேன். ரெண்டு விஷயம். நான் எழுதுனது நான் எழுதுன மாதிரியே உள்ள போவணும். தப்பு இருந்தா சொல்லுங்க, நான் திருத்துதேன். நீங்க தொடக்கூடாது."

"ரெண்டாவது?"

"சாவி வேணும்."

புதுப் பத்தியை வெளியே விட ஒரு ரகசியச் சாவி உண்டு, டாக்டர். ஒரு சின்னக் கோப்புதான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் விடுவதுதான் பத்தி. கெட்டவன் கையில் சிக்கினால் பத்தியைச் செருகியிருக்கும் எல்லாச் செயலிக்குள்ளும் அவன் நுழைந்துவிடலாம். எட்டு வருடமாக என் ஒருவனிடம்தான் இருக்கிறது.

"அது எப்படிங்க தர முடியும்? உங்களை நான் பார்த்ததுகூட இல்ல."

"ஆபரேஷன் முடிஞ்சு படுத்துக்கிட்டு என்ன செய்வீங்க? வாயால ஊதி ரிலீஸ் விடுவீங்களா?"

"எனக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல."

"எங்க வாப்பாகிட்ட பேசுதீங்களா? அவங்களும் ஒங்கள மாதிரிதான், யாரையும் நம்ப மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போவும்."

வீடியோவில் வரச் சொன்னேன். வந்தாள். முக்காடு, பெரிய கண்ணாடி, பின்னால் துணி காயும் கொடி. தன் ஆபீஸ் அட்டையைத் தானே எடுத்துக் காட்டி, "போதுமா, ரேஷன் கார்டும் கொண்டு வரட்டா?" என்றாள். பேட்ச் சாயங்காலம் வந்தது. சாவியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

அவள் பேட்ச் வேலை செய்கிறது. கடைசி வரி தெரிகிறது. எல்லா போனிலும் ஓட்டிப் பார்த்தேன்.

ஆனால் அசிங்கம். ஞாபகத்தில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கிறாள். சுவரில் ஆணி அடிக்கத் தெரியாமல் சுவரையே இடித்துக் கட்டியது மாதிரி. எழுத்தின் அளவையும் சேர்த்து ஞாபகம் வைத்தால் போதும், ஞாபகமும் பிழைக்கும், கடைசி வரியும் பிழைக்கும். நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன்.

இடது கையால் ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

ஷமீமா: 'ரிவ்யூ என்னாச்சு?'

நான்: 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'

ஜூலை 12, சனி

சுகந்திக்கு இன்று லீவு. உட்கார வைத்தேன். திரையின் இடது பாதியில் ஷமீமாவின் பேட்ச், வலது பாதியில் என்னுடையது. இடதைப் பார்த்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல, அவள் வலதில் தட்டினாள். நன்றாகப் பழகிவிட்டாள். மீசையைக் கேட்காமலே திறந்து மூடுகிறாள். பாதி தாண்டியதும் நிறுத்தினாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் இருக்கறதும் நான் அடிக்கறதும் ஒண்ணு மாதிரியே இருக்குதுங்களே."

"இல்ல. இது வேகமா ஓடும்."

"எவ்வளவு வேகம்?"

"அரை மில்லி செகண்ட்."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தப் பொண்ணு எழுதினது தப்புங்களா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"அதுல கடைசி வரி தெரியுதா?"

"தெரியுது. நீ அடி. அடுத்த வரி, நாலு ஸ்பேஸ்..."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அடிக்கல."

"என்ன சுகந்தி இது?"

"நான் போடற நோட்டுல மேனேஜர் ரெண்டு வார்த்தைய மாத்தி அவர் பேர்ல மேல அனுப்பறாருன்னு வந்து அழுதனே, அன்னிக்கு என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்குதா?"

திருடன் என்றேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னேன்.

"அது வேற, இது வேற."

"வேறயாவே இருக்கட்டும். இது என் கைங்க. உங்க கை நல்லா இருந்தப்ப அவளை மூணு தடவை மூடினீங்க. நாலாவது தடவைக்கு என் கையக் கேக்காதீங்க."

கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். நானே தட்டிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். வலது கையைக் கீபோர்டில் வைத்தேன். தோள் வரைக்கும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி. மீசையைத் திறந்தேன், மூட முடியவில்லை. சுண்டுவிரல் மட்டும் உயிரோடு இருக்கிறது.

வலி: இருக்கிறது, டாக்டர். மே மாதத்திலிருந்தே இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஷமீமா காலையில் எழுதியிருந்தாள். 'இன்னைக்கும் ஒரு பெரியவர் பைபாஸ்ல நின்னுட்டு பஸ்ஸ விட்டுட்டார். வேற கம்பெனி டிக்கெட்டு. அவங்ககிட்ட எங்க காப்பி கிடையாது. ஆறு நாளா என்ன ரிவ்யூ சார்?'

இந்த ஆறு நாளும் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் சாவியைக் கேட்கக்கூட மாட்டாள், போய்விடுவாள். 'ஒரு இடத்தில் பெயர் புரியவில்லை' என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் மாற்றி அனுப்பினாள். முன்பைவிட நன்றாகவே இருந்தது. அந்த ஐந்து நிமிடம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை நீளம் அது.

என்னுடையதை வேறு ஃபோல்டரில் போட்டேன். அழிக்க மனசு வரவில்லை. பிறகு மவுஸை இடது கைக்கு மாற்றி, ஷமீமாவின் பேட்ச்சை அவள் எழுதிய மாதிரியே, அவள் பெயரில் உள்ளே விட்டேன். ஒரு க்ளிக். எட்டு வருடத்தில் என் கை படாத முதல் மாற்றம். வேகம் குறைந்ததாகக் கணக்கு காட்டியது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சாயங்காலம் சுகந்தியிடம் போய், "ஒண்ணு அடிக்கணும், இது வேற மாதிரி" என்றேன். சாவியை ஷமீமாவுக்கும் பிரித்துக் கொடுக்கும் கட்டளை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அடித்தாள்.

"மீசையே இல்லைங்களா இதுல?" என்றாள்.

கடைசியில் எண்டர் தட்டும் முன் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். தட்டினாள்.

ஜூலை 16, புதன்

(எழுதுவது சுகந்தி. இவருக்குக் கட்டு போட்டிருக்கிறது. இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சொல்லாததையும் எழுதுவேன்.)

நேற்று ஆபரேஷன் முடிந்தது. பயம் ஒன்றும் இல்லை. (டாக்டர், உள்ளே போவதற்கு முன் நான்கு தடவை பாத்ரூம் போனார்.) ஷமீமா மதியமே ரிலீஸ் விட்டுவிட்டாள். பிரச்சினை ஒன்றும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். (கேள்விப்படவில்லை. மயக்கம் தெளிந்ததும் என் போனைப் பிடுங்கிப் பார்த்தார். பத்தியை உடைத்திருப்பாளோ என்று. உடைக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷமா, வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை.)

இத்துடன் முடிக்கச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தையல் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. பேனா பிடிக்கலாம் என்றார்கள். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறது. விரல் மரப்பு போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

செய்ய வேலை இல்லாமல் பத்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்க மட்டும்தான். அந்த யாட்செக் மறுபடி ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறார். துக்கடா பேட்ச். ஷமீமா அதைப் படித்துக் கேள்வி கேட்கிறாள். அவர் பதில் சொல்கிறார். இவள் மறுபடி கேட்கிறாள். ஒரு வாரமாக இந்தக் கச்சேரி நடக்கிறது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று, என் சமையலறையில் யாரோ வெங்காயம் நறுக்குவதைப் பார்ப்பது போல இருக்கிறது. கத்தியைத் தப்பாகப் பிடிக்கிறார்கள் என்று கத்தினாலும் உள்ளே கேட்காது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

யாட்செக்கின் பேட்ச் உள்ளே போய்விட்டது. இன்று அவர் வேறொருவரின் பேட்ச்சைப் படித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டர் மறுபடி காகிதத்தை இழுத்தார். இந்த முறை கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

"இவ்வளவுதானுங்களா?"

"இன்னும் கொஞ்சம் வரலாம். பழையபடி வராது."

"ஜூன்லயே பண்ணியிருந்தா?"

"அதைக் கேக்காதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். சுகந்தி ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலது கையை.

செப்டம்பர் 18, வியாழன்

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தட்ட அனுமதி. அந்த ஃபோல்டரைத் திறந்தேன். எழுத்தின் அளவையும் சேர்த்து ஞாபகம் வைக்கும் வழி. மீதியை முடித்தேன். நேரடியாக உள்ளே விட்டுவிடலாம், சாவி இன்னும் என்னிடமும் இருக்கிறது. க்ளிக் செய்யும் இடத்தில் கொஞ்ச நேரம் மவுஸை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லோரையும் போல பேட்ச்சாக அனுப்பினேன்.

செப்டம்பர் 20, சனி

பதில் வந்திருக்கிறது. 'நல்ல யோசனை சார், வேகம் திரும்பி வந்துட்டு' என்று ஆரம்பித்து நான்கு இடத்தில் மாற்றம் கேட்டிருக்கிறாள். மூன்று நியாயம், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நான்காவது அநியாயம். 'இந்த வழி எப்படி வேலை செய்யுதுன்னு ஒங்களுக்கு மட்டுந்தான் புரியுது. நாளைக்கு நானோ யாட்செக்கோ தொடணும்னா புரியணும்லா? மேல நாலு வரி வெளக்கம் எழுதுங்க.'

அவளே எழுதியிருக்கலாம். பத்து நிமிட வேலை. எழுதி, உள்ளே விட்டு, நன்றி சொல்லி என்னுடையதை மூடியிருக்கலாம். மூடவில்லை. பேட்ச் திறந்தே கிடக்கிறது.

கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்கு வருவதில்லை, ஆள்காட்டி விரலால் தட்டுகிறேன். முதல் மூன்றையும் முடித்துவிட்டேன். அடித்துத் தரட்டுமா என்று சுகந்தி கேட்டாள், வேண்டாம் என்றேன். இப்போது அந்த நான்கு வரிக்கு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வருடமாக என் மண்டைக்குள் மட்டும் இருந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி எழுத வேண்டும். இரண்டு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் புரிகிறது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.